லைன் உன் பெயரில் இருக்கிறது

தம்பி,

இரண்டு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். அது போதும் என்று இன்று காலை சுங்கை பட்டாணியிலிருந்து பீடோங்குக்குத் திரும்பி வரும் வழியில் முடிவு செய்தேன். பேசாமல் இருப்பது எனக்குப் புதிதில்லை. உன் பெரியப்பாவோடு பதினோரு வருடம் பேசவில்லை. அவர் இறந்த அன்று வாசலில் போட்டிருந்த நாற்காலியில் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு, உள்ளே போகாமலே திரும்பி வந்தேன். யார் எனக்கு என்ன செய்தார்கள், எந்த இடத்தில் வைத்துச் செய்தார்கள், அப்போது பக்கத்தில் யார் நின்றார்கள் என்பதெல்லாம் எனக்கு மறப்பதில்லை. உன் அம்மா இதை வியாதி என்கிறாள். நான் ஞாபகசக்தி என்றுதான் சொல்லிவந்திருக்கிறேன். போனில் கூப்பிட்டால் நீ எடுப்பாயா என்று தெரியாது. எடுத்துவிட்டால் நான் என்ன பேசுவேன் என்பது அதைவிடத் தெரியாது. காகிதம் என்றால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வரும். அதனால் எழுதுகிறேன்.

விஷயம் சின்னது. வீட்டு இணைய லைனை வேறு கம்பெனிக்கு மாற்ற வேண்டும். கையுறைத் தொழிற்சாலையில் ஆள் குறைத்தபோது என்னையும் அனுப்பிவிட்டார்கள் என்று அம்மா உனக்குச் சொல்லியிருப்பாள். இருபத்தெட்டு வருடம் அவர்கள் கணக்கை எழுதியவனுக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். அதை நான் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. இப்போது இங்கே ஒரு ஹார்ட்வேர் கடையில் வாரத்துக்கு மூன்று நாள் கணக்குப் பார்க்கிறேன். வரவு குறைந்த வீட்டில் எதை நிறுத்தலாம் என்று பார்க்கும்போது முதலில் கண்ணில் படுவது இணைய பில்தான். மாதம் நூற்று முப்பத்தொன்பது வெள்ளி. நானும் உன் அம்மாவும் மட்டும் இருக்கும் வீட்டுக்கு அந்த வேகம் எதற்கு? அவளுக்கு வேண்டியது மாலையில் அரைமணி நேரம் உன் முகம். எனக்கு வேண்டியது செய்தி படிக்க ஒரு ஓட்டை லைன்.

போன மாதம் பீடோங் பசாருக்கு வெளியே ஏதோ இணையக் கம்பெனிக்காரர்கள் கூடாரம் போட்டிருந்தார்கள். மீன் வாங்கிக்கொண்டு வந்த என்னைத் தேவா என்றொருவன் மடக்கினான். நாற்பது வயதிருக்கும், தொப்பை சட்டைக்குள் அடங்காதவன், வாய் மட்டும் நிற்காது.

“அண்ணே, வீட்டுக்கு இண்டர்நெட் மாசம் எவ்ளோ கட்டுறீங்க?”

சொன்னேன்.

“அடக் கடவுளே! நீங்க என்ன, கம்பெனி முதலாளிக்கு மாப்பிள்ளையா? நம்மகிட்ட எண்பத்தொம்பது வெள்ளிதான் லா. மோடம் சும்மா தர்றோம். ஐசி எடுங்க, மீன் நாறிப்போறதுக்குள்ள முடிச்சிடுறேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு ஒருவன் என்னிடம் கிண்டல் பேசுகிறான் என்று தோன்றியது. அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்தேன். அவன் தன் போனில் வீட்டு முகவரியைத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். வீட்டுக்கு வரும் கேபிளில் ஒரே ஒரு போர்ட்தானாம். பழைய கம்பெனி அதை விட்டால்தான் புதிய கம்பெனி அதில் ஏற முடியுமாம்.

“பழைய லைன் உங்க பேர்ல இல்ல போலருக்கே அண்ணே?”

“மகன் பேர்ல இருக்கு.”

“அப்போ லேசு லா! மகனுக்கு ஒரு கால் அடிச்சு நிறுத்தச் சொல்லுங்க. ரெண்டு நிமிஷ வேலை.”

ரெண்டு நிமிஷ வேலை என்றான். மீன் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, சரி, சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

லைன் ஏன் உன் பெயரில் இருக்கிறது என்பது உனக்கு நினைவிருக்கும். நான்தான் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேனே. உனக்குப் பதினெட்டு முடிந்து, நீ ஆறாம் படிவத்தில் இருந்த வருடம். பல்கலைக்கழக விண்ணப்பம், பரீட்சை முடிவு எல்லாம் இணையத்தில்தான் என்று ஆகிவிட்டது. நீ சைபர் கடைக்குப் போய்க்கொண்டிருந்தாய். வீடு வீடாக லைன் விற்கிற ஆள் நம் வாசலுக்கு வந்தபோது, போடு, ஆனால் என் மகன் பெயரில் போடு என்றேன். முதல் பில் உன் பெயரில் வந்த அன்று உறையைப் பிரிக்காமல் உன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். “உன் வயசில் எனக்கு ஒரு காகிதம் ஒழுங்காக வீட்டுக்கு வந்ததில்லை. உனக்கு மாதாமாதம் வரும்” என்றேன். நீ சிரித்தாய். “பில்லுதானே பா வருது” என்றாய். அப்பன் கட்டுவான், பெயர் மகனுடையது என்று தொழிற்சாலையில் பெருமையாகச் சொன்னேன். பன்னிரண்டு வருடமாக இந்தக் கதையை இப்படித்தான் சொல்லிவந்தேன். அதில் ஒரு பொய் இருப்பது இன்று காலைதான் எனக்கே தெரிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

உன்னைக் கூப்பிடக் கூடாது என்று வைராக்கியம். அதனால் பழைய கம்பெனிக்கே போன் செய்தேன். எண்ணை அமுக்கு, மறுபடி எண்ணை அமுக்கு, பாட்டைக் கேள் என்று இருபத்தைந்து நிமிடம். ஒருத்தி எடுத்தாள், காரணம் கேட்டாள், வேறொருவனிடம் தள்ளினாள். அவன் லைனை நிறுத்த வேண்டாம், அதே விலைக்கு இன்னும் வேகம் தருகிறேன் என்றான். வேகம் வேண்டாம், விலைதான் குறைய வேண்டும் என்றேன். அவனுக்கு அந்தப் பதில் புரியாத மாதிரி அதையே மூன்று தடவை சொன்னான். நீயும் இப்படி ஒரு நாள் மாட்டுவாய். பேசுகிறவன் பெயரைக் கேட்டு எழுதி வை, நேரத்தைக் குறித்து வை, சும்மா தருகிறோம் என்று சொல்லும் பெட்டிக்கு எத்தனை மாதம் கட்டிப்போடுகிறார்கள் என்று படித்துப் பார். இது நான் உனக்குச் சொல்லக்கூடிய புத்திமதி. இதைச் சொல்ல மட்டும் எனக்குத் தகுதி இருக்கிறது.

கடைசியில் மூன்றாவதாக ஒரு மலாய்க்காரப் பெண் வந்தாள். மரியாதையான குரல். கணக்கின் சொந்தக்காரர் நீங்கள்தானா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய். ஐசி எண் கேட்டாள், உன் எண்ணைத் தடுமாறாமல் சொன்னேன். பிறந்த தேதி கேட்டாள். அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரி நடையில் எட்டு மணி நேரம் நின்ற நாளை நான் மறப்பேனா? எல்லாம் சரி, பதிவில் உள்ள கைபேசிக்கு ஆறு இலக்க எண் ஒன்று அனுப்பியிருக்கிறேன், அதைச் சொல்லுங்கள் என்றாள். பதிவில் உள்ள கைபேசி உன்னுடையது. அந்த நேரம் ஜொகூரில், பாசிர் கூடாங் கப்பல் பட்டறையில் உன் சட்டைப் பைக்குள் அந்த எண் போய் விழுந்திருக்கும். அவள் இரண்டு தடவை “ஹலோ, என்சிக்?” என்றாள். நான் போனை வைத்துவிட்டேன்.

அன்று மாலை நீ அம்மாவைக் கூப்பிட்டபோது நான் அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். நீ கூப்பிடும் நேரங்களில் எனக்கு அடுப்படியில் ஏதாவது ஒரு வேலை இருந்துவிடும். உனக்குத் தெரிந்திருக்கும். நீ அம்மாவை நலம் கேட்கவில்லை, சாப்பாடு கேட்கவில்லை.

“அம்மா, மத்தியானம் என் போனுக்கு ஒரு கோட் நம்பர் வந்துச்சு. அப்பா வேலைதானே?”

“லைனை மாத்தணுமாம் பா. காசு கம்மியாம்.”

“மாத்தட்டும். நான் ஒண்ணும் சொல்லலையே. ஆனா என்கிட்ட கேக்கச் சொல்லுங்க மா. அவரு வாயால. ஒரே ஒரு தடவ.”

அம்மா அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நான் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டேன். எனக்கு எவ்வளவு ஆத்திரம் வந்தது என்று சொல்லிவிடுகிறேன், மறைக்க மாட்டேன். போடச் சொன்னது நான், பன்னிரண்டு வருடம் கட்டியது நான், இப்போது கேட்க வேண்டியதும் நானா? நீ கணக்கியல் படித்து, கோலாலம்பூரில் நல்ல நாற்காலியில் உட்கார்ந்து, அதை உதறிவிட்டு இருபத்தாறு வயதில் பத்தொன்பது வயதுப் பையன்களோடு எண்ணெய்த் துணியைப் பிடித்துக்கொண்டு எஞ்சின் வேலை கற்றுக்கொள்ளப் போனபோது என்னைக் கேட்டாயா? இதையெல்லாம் மீனிடம் சொன்னேன். உன்னிடம் சொல்லவில்லை.

நீ எதைக் கேட்கச் சொல்கிறாய் என்பது எனக்குத் தெரியும். லைனைப் பற்றி இல்லை அது.

இரண்டு வருடத்துக்கு முந்தைய தீபாவளி. நீ ஏதோ பழைய சான்றிதழ் தேடி, பள்ளிக் காலத்து மின்னஞ்சலைத் திறக்க வேண்டும், கடவுச்சொல் மறந்துவிட்டது என்றாய். அது என் கோப்பில் இருந்தது. உன்னுடைய காகிதம் எதுதான் என் கோப்பில் இல்லை? எடுத்துக் கொடுத்தேன். அரைமணி நேரம் கழித்து நீ கணினி முன்னால் இருந்து எழுந்து வந்தாய். முறுக்குத் தட்டோடு நின்ற அம்மாவைத் தாண்டி வந்து என் முன்னால் நின்றாய். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் படிப்புகளின் வரிசை மாற்றப்பட்டது என்று ஒரு பழைய அஞ்சல், நாளும் மணியும் போட்டு. அந்த நாளில் நீ கோயில் திருவிழாத் தண்ணீர்ப் பந்தலில் காலையிலிருந்து சாயங்காலம் வரை மோர் ஊற்றிக்கொண்டிருந்தாய்.

“யாரு பா மாத்தனா?”

“நான்தான். உன் நல்லதுக்குத்தான்.”

நீ முதலில் போட்டிருந்தது கப்பல் எஞ்சின் படிப்பு. கணக்கியல் நான்காவது. நான் நான்காவதை முதலில் வைத்தேன். எஞ்சின் படிப்பைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டேன். அதை மாற்றியதை விட மோசமான ஒன்றை நான் செய்தேன். முடிவு வந்த அன்று நீ சோர்ந்துபோய், “நம்மாளுங்களுக்கு எங்க பா குடுப்பாங்க” என்றாய். நான் தலையாட்டினேன். ஆமாம் தம்பி, நம் தலையெழுத்து அப்படி என்றேன். பக்கத்து வீட்டுக்காரனிடம், விழுந்து விழுந்து படித்த பையனுக்குக் கேட்டதைக் கொடுக்கவில்லை பார் என்று புலம்பினேன். இந்த நாட்டில் நம் தமிழர்களுக்கு நடந்த அநியாயங்கள் உண்மையாகவே இருக்கின்றன. அவற்றுக்கு நடுவில் என் காரியத்தைக் கொண்டுபோய் ஒளித்துவைத்தேன். பத்து வருடம் நீ யாரோ முகம் தெரியாத அதிகாரியைத் திட்டிக்கொண்டிருந்தாய். அந்த அதிகாரி உன் எதிரில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தான்.

அன்று நீ என்னிடம் சொன்ன வார்த்தைகளில் இரண்டை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவை எவை என்று உனக்குத் தெரியும், எழுதப்போவதில்லை. ஆனால் “உங்களுக்கும் அந்தக் கிராணிக்கும் என்னப்பா வித்தியாசம்?” என்று கேட்டாயே, அது மூன்றாவது. அதைத்தான் மன்னிக்கவே முடியாது என்று வைத்திருந்தேன்.

கிராணி கதையை உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? செர்டாங் பக்கத்து ரப்பர் தோட்டம். எங்கள் லயத்தில் பதினாறு வீடு, முகவரி ஒன்றுதான், தோட்ட ஆபீஸ். கடிதம் எல்லாம் ஆபீஸுக்கு வரும், ஆபீஸில் எழுத்து வேலை பார்த்த கிராணி காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு வேலை கொடுக்கும்போது கடிதத்தையும் கொடுப்பார். ஆறாம் படிவம் முடித்து எனக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்து வந்த கடிதம் அவர் மேசை இழுப்பறையில் கிடந்தது. பதிவு செய்யும் நாள் போன பிறகு கைக்கு வந்தது. “மறந்துட்டேன் தம்பி. அடுத்த வருஷம் போட்டாப் போச்சு” என்றார். அந்த வருடம் அவருடைய மகனுக்கு இடம் கிடைக்கவில்லை. அடுத்த வருடம் என் அப்பா மரத்தடியில் விழுந்து இடுப்பு உடைந்தது. நான் வேறொரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனேன். பட்டத்தை நாற்பது வயதில் தபால்வழி படித்து வாங்கினேன், அது வேறு கதை. அந்த மனிதர் செத்துப் பல வருடமாகிறது. அவர் இருந்த தெரு வழியாக நான் இன்றைக்கும் வண்டி ஓட்டுவதில்லை.

ஆனால் உனக்குச் சொல்லாத இன்னொன்று இருக்கிறது. அந்த லயத்தில் நானும் ஒரு சின்னக் கிராணிதான். ஆறாம் வகுப்பிலிருந்தே எல்லா வீட்டுப் பாரத்தையும் நான்தான் நிரப்புவேன். பிறப்புப் பத்திரம், பள்ளி மாற்றம், சேமநிதி, ஐசி தொலைந்துபோன மனு. காலை நாலரைக்கு மரம் சீவப் போகிறவர்களுக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது? “நீயே போட்டுடு தம்பி, எனக்கென்ன தெரியும்” என்பார்கள். எழுதுவதோடு கையெழுத்தையும் நானே போட்டுவிடுவேன். ஒவ்வொருவருக்கும் ஒரு மாதிரி கையெழுத்து உண்டாக்கி வைத்திருந்தேன். எழுதத் தெரிந்தவன் கையெழுத்தும் போடுவான் என்பது எங்களுக்குள் பழக்கம், யாரும் அதைத் தப்பு என்று நினைத்ததில்லை. ஒரு தடவை எதிர்வீட்டு முனியம்மா அக்கா தன் மகளைத் தையல் வகுப்புக்கு எழுதச் சொன்னாள். நான் டைப்பிங் வகுப்பு என்று எழுதினேன். அதுதான் நல்லது என்று எனக்குத் தோன்றியது. எனக்குப் பதினைந்து வயது. அக்கா எனக்கு இரண்டு வாழைப்பழம் கொடுத்தாள். அந்தப் பெண்ணுக்கு என்ன வேண்டும் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

சரி, லைனுக்கு வருகிறேன். போன் வழி அடைத்துவிட்டதால் சுங்கை பட்டாணியில் உள்ள அவர்கள் கிளைக்குப் போன வாரம் போனேன். உரிமையாளர் வர முடியாவிட்டால் அனுமதிக் கடிதம் கொண்டுவா, ஐசி நகல் முன்னும் பின்னும், கையெழுத்து பழைய பாரத்தில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும் என்றார்கள். வீட்டுக்கு வந்து கோப்பைத் திறந்தேன். உன் ஐசி நகல் ஆறு இருந்தது. பழைய பாரத்தின் நகலும் இருந்தது, கார்பன் தாளில் எழுதி மங்கிப்போனது, மேல் கோடுகள் மட்டும் தெரிந்தன. அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரம், நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். மூன்றாவது தடவையே வந்துவிட்டது. அப்பனுக்கும் மகனுக்கும் கை ஒரே மாதிரி ஓடும் போலிருக்கிறது என்று ஒரு சந்தோஷம்கூட வந்தது எனக்கு. அனுமதிக் கடிதத்தில் போட்டு முடித்தேன்.

அம்மா நாட்காட்டித் தாளைக் குப்பைக் கூடையில் பார்த்துவிட்டாள். அவள் என்னிடம் சத்தம் போடுகிறவள் இல்லை, அது உனக்குத் தெரியும்.

“ஏங்க, அம்பது வெள்ளி மிச்சம் பிடிக்கப் பெத்த பிள்ளைய ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்க. ஆனா கள்ளக் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கிட்டு போலீஸ் பாலாய் வரைக்கும் போவீங்க.”

“பாலாய்க்கெல்லாம் போக மாட்டேன். நல்லாத்தான் போட்டிருக்கேன்.”

“அதான் சொல்றேன். எப்பவும் நல்லாத்தான் போடுவீங்க.”

கொஞ்ச நேரம் கழித்து, “பழச நிறுத்தி புதுச மாட்டுறதுக்குள்ள எத்தன நாள் லைன் இருக்காது?” என்று கேட்டாள். ஒரு வாரம் ஆகலாம் என்றேன். அவள் கோயில் பிரசாதத்தைத் தட்டில் கொட்டினாள். அவளுக்கு அந்த ஒரு வாரம் என்னவென்று எனக்குப் புரிந்தது. புரிந்தும் இன்று காலை மறுபடி கிளைக்குப் போனேன்.

எண் சீட்டு எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் முறை வந்தபோது கண்ணாடி போட்ட ஒரு தமிழ்ப் பெண். ஐம்பதை ஒட்டியவள், சிடுசிடுப்பு இல்லாத முகம். கடிதத்தைப் படித்தாள், ஐசி நகலைப் புரட்டினாள்.

“மகன் எங்க அங்கிள் இருக்காரு?”

“ஜொகூர்ல.”

“தூரம்தான். இருங்க, பழைய பாரத்த ஸ்கேன் பண்ணி வெச்சிருப்பாங்க, பார்த்துடலாம்.”

தட்டினாள், காத்திருந்தாள், கண்ணாடியை மேலே தள்ளினாள். பிறகு சிரித்துக்கொண்டே கணினித் திரையை என் பக்கம் திருப்பினாள்.

“அச்சு அசல் லா அங்கிள். சில பேருக்கு வருஷம் ஆச்சுன்னா சைன் மாறிடும், எங்களுக்குப் பெரிய தொல்லை. உங்க மகன் மாறவே இல்ல. ப்ரொசீட் பண்ணிடவா?”

திரையில் அது பெரிதாகத் தெரிந்தது, மை பளபளவென்று. கையெழுத்துக்குக் கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. என்னிடம் இருந்த மங்கிய நகலில் அந்தக் கோடும் இல்லை, புள்ளியும் இல்லை. இருந்தும் நான் இப்போது போட்டுக் கொண்டுவந்த கையெழுத்தில் இரண்டும் இருந்தன. கோடும் இரண்டு புள்ளியும் பதினான்கு வயதிலிருந்து என் பழக்கம். யார் கையெழுத்தைப் போட்டாலும் என் கை அதைச் சேர்த்துவிடும்.

அப்போதுதான் அந்த நாள் முழுதாக ஞாபகம் வந்தது. லைன் விற்க வந்தவன் வாசலில் நிற்கிறான். நீ டியூஷனுக்குப் போயிருக்கிறாய். “மகன் இல்லையா? அடுத்த வாரம் வர்றேன் அங்கிள்” என்கிறான். ஒரு வாரம் என்னத்துக்கு என்று பேனாவை வாங்கி, உனக்கு அதுவரை இல்லாத ஒரு கையெழுத்தை அங்கேயே உண்டாக்கிப் போடுகிறேன். அவன் பார்த்தும் பார்க்காத மாதிரி தாளைக் கிழித்துத் தருகிறான். இவ்வளவுதான் நான் பன்னிரண்டு வருடம் பெருமையடித்த பரிசு. உன் பெயரில் வந்த முதல் காகிதத்தில் உன் கை படவே இல்லை. எல்லாரும் செய்ததையெல்லாம் நினைவில் வைத்திருக்கிறேன் என்று சொல்கிற எனக்கு, நான் செய்த இது மட்டும் எப்படி மறந்தது என்று தெரியவில்லை.

“அதைக் கொடும்மா” என்றேன்.

“ஏன் அங்கிள்? எல்லாம் ஓகேதானே?”

“அது அவன் சைன் இல்ல.”

அவள் கையில் இருந்த கடிதத்தைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். “எது, இதுவா? அதுவா?”

“ரெண்டும்.”

பின்னால் ஒருவர் தன் எண் சீட்டை நாலு தடவை மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். அவள் மேலாளரைக் கூப்பிடுவாள் என்று நினைத்தேன், கூப்பிடவில்லை. கடிதத்தை மேசைக்கு மேலே மெதுவாக என் பக்கம் தள்ளினாள். இழுப்பறையிலிருந்து ஒரு புதுப் பாரத்தை எடுத்தாள், கடைசிக் கட்டத்தைப் பென்சிலால் வட்டமிட்டாள். “இங்க அவரே போடணும் அங்கிள்” என்றாள், குரலைத் தாழ்த்தி. அவ்வளவுதான் சொன்னாள். வெளியே வந்து அந்தக் கடிதத்தைக் கிழித்துக் காரில் கிடந்த பழைய பையில் போட்டேன்.

வழியில் ஒன்று யோசித்தேன். அந்தக் கிராணி என் கடிதத்தை வைத்துக்கொண்டார். அவர் மறந்தாரோ, வேண்டுமென்றே செய்தாரோ, எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், கேட்க முடியாது. நான் அப்படி இல்லை. வேண்டுமென்றே செய்தேன், உயிரோடு இருக்கிறேன், நீ கேட்டபோது நல்லதுக்கு என்று சொன்னேன். வித்தியாசம் என்னவென்று கேட்டாயே, தேடிப் பார்த்ததில் கிடைத்தது இதுதான். அது எனக்குச் சாதகமாக இல்லை.

உனக்கு நல்ல சம்பளமும் நாற்காலியும் கிடைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டதற்காக நான் வருந்தவில்லை. அதை இப்போதும் ஆசைப்படுகிறேன், நீ எண்ணெய்க் கையோடு திரையில் அம்மாவிடம் சிரிப்பதைக் கதவிடுக்கில் பார்த்த பிறகும். ஆனால் அந்த விண்ணப்பம் உன்னுடையது. உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். நீ முடியாது என்றிருப்பாய், நான் கத்தியிருப்பேன், நீ கப்பல் படிப்புக்கே போயிருப்பாய். அதைத் தாங்க எனக்குத் தெம்பில்லாததால் நீ மோர் ஊற்றப் போன நாளைப் பார்த்துச் செய்தேன். இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். இரண்டு வருடம் ஆகிவிட்டது.

கேட்கச் சொன்னாய். வாயால் என்றாய். வாய் இன்னும் வரவில்லை, கையால் கேட்கிறேன். உன் பெயரில் இருக்கிற இந்த லைனை நிறுத்த எனக்கு அனுமதி தருவாயா? பாரத்தை உள்ளே வைத்திருக்கிறேன். எதையும் நான் நிரப்பவில்லை. உன் பெயர், ஐசி எண், முகவரி எல்லாம் எனக்கு மனப்பாடம் என்றாலும் ஒரு கட்டத்திலும் கை வைக்கவில்லை. பென்சில் வட்டம் மட்டும் அந்தப் பெண் போட்டது. திருப்பி அனுப்ப உறையும் இருக்கிறது. மனமில்லை என்றால் கிழித்துப் போடு. லைன் இப்படியே ஓடும், மாதாமாதம் கட்டிக்கொண்டிருப்பேன், அம்மா உன்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள், தேவாவிடம் மகன் ரொம்ப பிஸி என்று சொல்லிக்கொள்கிறேன். மனமிருந்து கையெழுத்துப் போட்டால், லைன் இல்லாத அந்த ஒரு வாரத்தை எப்போது வைத்துக்கொள்வது என்று நீயே நாள் சொல். அந்த வாரம் அம்மா உன்னைத் திரையில் பார்க்க முடியாது. அவள் பாசிர் கூடாங்குக்கு வர பஸ் இருக்கிறது. எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்கலாமா என்பதையும் நீதான் சொல்ல வேண்டும்.

இதுவரை எழுதியதை அம்மா பின்னால் நின்று படித்துவிட்டாள். கண்ணைத் துடைத்தாளோ என்னவோ, நான் திரும்பிப் பார்க்கவில்லை. தபால்தலையை நாக்கில் தொட்டு உறையில் ஒட்டிவிட்டு, “கீழ உங்க பேரு, சைன் ஒண்ணும் போடலயே?” என்று கேட்கிறாள். பேனா கையில்தான் இருக்கிறது. கோடும் இரண்டு புள்ளியும் போட விரல் துடிக்கத்தான் செய்கிறது. ஆனால் உன் காகிதங்களில் என் கையெழுத்து ஏற்கெனவே அதிகமாகிவிட்டது, தம்பி. இந்த உறைக்குள் ஒரு கையெழுத்துக்குத்தான் இடம் இருக்கிறது, அது நீ போட வேண்டியது. நான் போடாமலே ஒட்டி, தபால் நிலையம் அடைப்பதற்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன்.